மிச்சச் சாயத்தில் நனைத்த பாவாடை

தசரதனின் சாயப்பட்டறைக்குப் பெண்கள் வரக்கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. தூரமான பெண்ணின் நிழல் தொட்டியில் விழுந்தால் பட்டில் சாயம் ஏறாது, ஏறினாலும் திட்டுத் திட்டாக நிற்கும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. எந்தப் பெண் எந்த நாளில் தூரமாவாள் என்று யார் கண்டது? அதனால் தீட்டு நிற்கும் வயது வரை எந்தப் பெண்ணும் தொட்டிப் பக்கமே வர வேண்டாம் என்று ஒரேயடியாக வைத்துக்கொண்டார்கள். ஆரணியில் எல்லாச் சாயக்காரர் வீட்டிலும் இப்படி இருந்ததில்லை. தசரதன் வீட்டில் இருந்தது.

அவர் மனைவி தெய்வநாயகி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பட்டறை வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றவர். சாயத்துக்கு முன் பட்டு நூலைச் சோப்பு நீரில் வேக வைத்துப் பசை போக்குவது, நனைந்த நூல் கழிகளைப் பிழிந்து நிழலில் உலர்த்துவது, சிக்கெடுப்பது, எண்ணிக் கட்டுவது எல்லாம் அவர் வேலை. சாயம் அவர் கைக்கு வந்ததெல்லாம் காய வேண்டிய ஈரமாகத்தான். நாற்பத்தொன்பதாவது வயதில் தீட்டு நின்றது. அது மறுபடி வரவில்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகு, தசரதன் ஒரு காலையில் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"ஏய், வா. வந்து இந்தக் கம்பப் புடி."

அன்றிலிருந்து தெய்வநாயகிக்கு வேறு வாழ்க்கை தொடங்கியது. கொதிநீரில் தொங்கும் கழியை மூங்கில் கம்பில் மாட்டி, இடைவிடாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு மெல்ல ஏற வேண்டும். அவசரப்பட்டால் மேல் இழை குடித்துவிடும், அடி இழை வெளுத்துக் கிடக்கும். அவருக்கு அவசரம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் அரக்கு நிறம் போடுவதில் தசரதனே அவரிடம் கேட்டுச் செய்யும் நிலை வந்தது. பட்டு கொடுத்து நெய்து வாங்கும் முதலாளி பலராமன், கழியைக் கையில் வாங்கியதும் "அரக்கு அம்மா போட்டதுதானே?" என்று கேட்டுக்கொள்வார். அம்மா போட்டது என்றால் பிரித்துப் பார்க்க மாட்டார்.

1983 கோடையில் பட்டறைக் கிணறு வற்றியது. முந்தைய மழை பொய்த்திருந்தது. பாறையை உடைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். தண்ணீர் நிறையவே வந்தது. அதை அடுத்த மாதங்களில் அந்த வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. சாயம் திட்டு விழ ஆரம்பித்தது. நல்ல சிவப்புக்கு நடுவே, அம்மைத் தழும்பு போல வெளிறிய இடங்கள். பலராமன் முதல் தடவை ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவை நேரிலேயே வந்தார்.

மற்றொன்று தெய்வநாயகிக்கு மட்டும் தெரிந்தது. நின்றுபோய் ஐந்து வருஷமான பிறகு, ஒரு நாள் உள்பாவாடையில் ஒரு பொட்டு. பிறகு சில வாரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும்.

சொன்னால் தொட்டி போய்விடும் என்பது அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. ஐம்பத்து நாலு வயதில் மறுபடி வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. திட்டுக்குக் காரணம் தானோ என்று அவருக்கே சந்தேகம். ரத்தம் பட்ட நாட்களில் முழங்கால் வலி என்று சொல்லிப் பட்டறைக்குப் போகாமல் இருந்து பார்த்தார். அப்போதும் திட்டு விழுந்தது. அப்படியானால் தான் இல்லை. தான் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் இன்னொரு பெண்தான். கொல்லையில் பட்டு வேக வைக்கும் மருமகள் உண்ணாமலை தூரமானதை மறைத்துக்கொண்டு எங்கேயாவது நடமாடுகிறாளோ என்று மாமியார் கண்கள் அவளைத் தொடர ஆரம்பித்தன. தான் மறைக்கிறோம் என்பதால், எல்லோரும் மறைப்பார்கள் என்று தோன்றியது.

தசரதனுக்கு இந்தச் சுற்று வழியெல்லாம் தேவைப்படவில்லை. அவருக்கு முதல் நாளே தெரியும், உண்ணாமலைதான். அவள் கொல்லைக்குப் போனால் எட்டிப் பார்த்தார். சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றி, அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அவள் புருஷன் லோகநாதன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்தான். தெய்வநாயகியும் பக்கத்தில்தான் நின்றார். உண்ணாமலை உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

அந்த ஆவணியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். தெய்வநாயகி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு தனியாகப் போய்ப் படுத்தார். நர்சு ஒரு மரக்குச்சியால் ஏதோ தடவி எடுத்தாள். "ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல, சும்மா பாத்துக்கலாம்னு" என்றார். சில வாரம் கழித்து, தெருவுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் "உங்களுக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு தெய்வநாயகி அதை முடிந்த விஷயமாக வைத்துக்கொண்டார். நோய் இல்லை. இருப்பது கறை மட்டும். கறையை மறைக்கச் சாயக்காரர் வீட்டில் வழியா இல்லை?

வேலை முடிந்ததும் தொட்டியில் கொஞ்சம் சிவப்புத் தண்ணீர் மிஞ்சும். அதில் பாவாடையை, உள்துணிகளை எல்லாம் முக்கி எடுத்துவிடுவார். சாயக்காரி துணி சிவப்பாக இருந்தால் யார் கேட்பார்கள்?

துணி துவைப்பது உண்ணாமலை. அவள்தான் கேட்டாள்.

"அத்தே, இந்தப் பாவாடை எப்ப செவப்பாச்சு?"

"தொட்டிகிட்ட வேல செய்யறவ துணி செவப்பாவாம பச்சையாவா ஆவும்?"

"மாமாவும்தான் தொட்டிகிட்ட நிக்கறாரு. அவரு வேட்டி முன்பக்கம் செவப்பாவுது. உங்களுது பின்பக்கமும் இல்ல செவப்பா கீது?"

உண்ணாமலை துணியை வாளித் தண்ணீரில் அலசித் தூக்கிக் காட்டினாள். பட்டுச் சாயம் பருத்தியில் நிற்காது. அலச அலசச் சிவப்பு கரைந்து போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு பழுப்புத் திட்டு மட்டும் போகவில்லை.

"சாயம் போயிடுச்சு. இது போவல."

"மூலம். ஒடம்பு சூடு."

"மூலம்னா எதுக்கு மறைக்கறீங்க? மாமா அவரு மூலத்த ஊருக்கெல்லாம் சொல்லிகினுதான திரியறாரு?"

வேறு சமயமாக இருந்தால் தெய்வநாயகி சிரித்திருப்பார். உண்ணாமலையும் சிரிக்கவில்லை. துணியைக் கல்லின் மேல் போட்டுவிட்டு எதிரில் குந்தினாள்.

"ஆடியிலிருந்து இந்த வூட்ல எல்லாரும் என்னத்தான் பாத்துகினு கீறீங்க. சூடம் அணைக்கச் சொன்னாங்க, அணைச்சேன். அப்ப நீங்களும் அங்கதான நின்னுகினு இருந்தீங்க? ஒரு வார்த்த வந்துதா வாயில?"

"எனுக்குத் தெரியலடி. நானா நீயான்னு எனுக்கே தெரியல."

"இன்னா தெரியல?"

"சாயம் யாரால கெடுதுன்னு."

உண்ணாமலை குரலை இறக்கிச் சொன்னாள். "சாயம் கெட்டாக் கெடட்டும் அத்தே. சேத்துப்பட்டுல எங்க சின்னம்மா ஒருத்தி இருந்தா. நின்னு போனது திரும்ப வந்துச்சு. எளமை திரும்புதுடின்னு கேலி பேசிகினு திரிஞ்சா. ரெண்டு வருஷம்கூட இல்ல. கடைசியில அவ படுத்த அறைக்குள்ள யாராலயும் போவ முடியல, அந்த நாத்தம். எனுக்கு உங்க மேல கோவம் கீது. அதுக்காக அப்படிப் போவணும்னு நெனைக்க மாட்டேன்."

"கேம்ப்ல பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லையாம்."

"ரத்தம் படுதுன்னு சொன்னீங்களா அவங்கள்ட்ட?"

தெய்வநாயகி தலையைத் திருப்பிக்கொண்டார்.

உண்ணாமலைக்கு இடுப்பு வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு, இருவரும் டாக்டர் சாவித்திரியிடம் போனார்கள். ஊரில் பிரசவம் பார்ப்பவர் அவர். எப்போதிலிருந்து என்று முதலில் கேட்டார். ஏறக்குறையச் சொல்ல முடிந்தது. எவ்வளவு படுகிறது என்று கேட்டதும் தெய்வநாயகி மருமகளைப் பார்த்தார்.

"தெரியலைங்க."

"துணியப் பாத்தாத் தெரியுமே. பொட்டா, இல்ல நனையற அளவுக்கா? செவப்பா, காப்பிக் கலரா?"

"துணியே செவப்புங்க."

உண்ணாமலை மிச்சச் சாயத்தின் கதையைச் சொன்னாள். டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"ஏம்மா, எனக்குத் தெரிய வேண்டியதே அதுதான். அத நீங்களே சாயம் போட்டு மறைச்சு வெச்சிருக்கீங்களே?"

பிறகு படுக்க வைத்துப் பார்த்தார். எடையும் ரத்த அழுத்தமும் பார்த்தார். சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்ததில் சர்க்கரை இருந்தது. அது தெய்வநாயகிக்குப் புதுச் செய்தி. முகாமில் ஒன்றுமில்லை என்று சொன்னதை அவர் மறுபடி எடுத்து வைத்தார்.

"கேம்ப்ல எடுத்தது கர்ப்பப்பையோட வாய்ல. நான் கவலப்படறது அதுக்கும் உள்ள இருக்கற சவ்வு. வாசப்படியத் தொடச்சுப் பாத்துட்டு, சமையல்கட்டு சுத்தமா இருக்குன்னு சொல்ல முடியுமா?"

"அப்ப அவங்க பொய் சொன்னாங்களா?"

"பொய்யில்ல. அவங்க பாத்தது அவ்வளவுதான். நீங்க சொன்னதும் அவ்வளவுதான்." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தீட்டு நின்னு ஒரு வருஷம் தாண்டிட்டா, அப்புறம் ஒரு பொட்டு பட்டாலும் ஏன்னு பாத்தாகணும். முக்காவாசிப் பேருக்கு சின்னக் காரணமாத்தான் இருக்கும். பத்துல ஒருத்தருக்குப் பெருசா இருக்கலாம். அந்த ஒருத்தர் யாருன்னு வெளிய இருந்து பாத்துச் சொல்ல முடியாது. மயக்கம் குடுத்து சுத்தம் பண்ணி, அந்தச் சவ்வ எடுத்துப் பாக்கணும். வேலூருக்கு எழுதித் தரேன்."

தெய்வநாயகிக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரில் சுத்தம் பண்ணிக்கொள்வது என்றால் கருவைக் கலைப்பது. "எனுக்கா? இந்த வயசுலயா?"

"கலைக்கறதுக்கும் அப்படித்தான் பண்ணுவோம். பாக்கறதுக்கும் அப்படித்தான் பண்ணுவோம். ஊர் பேசறதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது." டாக்டர் எழுந்து கொண்டே சொன்னார்: "போறவரைக்கும் வெள்ளைத் துணி கட்டுங்க. எவ்வளவு படுதுன்னு எனக்குத் தெரியணும்."

வேலூருக்கு எழுதிய சீட்டு தெய்வநாயகியின் அரிசிப் பானைக்குள் கிடந்தது. தீபாவளி வேலை முடியட்டும் என்றார். உண்ணாமலை நச்சரித்துப் பார்த்தாள், பயனில்லை. டாக்டரம்மா ஏன் வேலூருக்குத் தள்ளுகிறார், அங்கே அவருக்கு யாராவது வேண்டியவர்கள் இருக்கிறார்களோ என்று மாமியார் மருமகளிடமே கேட்டார். ஆனால் வெள்ளைத் துணி மட்டும் கட்டினார். கட்டிய பிறகுதான், தான் இவ்வளவு நாளும் எதைப் பார்க்காமல் இருந்தோம் என்பது அவருக்குத் தெரிந்தது. அது பொட்டு அல்ல.

அந்தத் துணியைத் தசரதன் பார்த்துவிட்டார். கொல்லையில், கொடியின் உள்வரிசையில், மற்ற துணிக்கு மறைவில் தொங்கியது. அலசியும் பழுப்பு போகாமல் இருந்தது. அவர் அதைக் கம்பால் தூக்கிக்கொண்டு நடுவீட்டுக்கு வந்தார்.

"லோகநாதா! உன் பொண்டாட்டியக் கூப்புடு. சூடம் அணைச்சாளே, பாரு இன்னிக்கு. பொட்டியக் கட்டச் சொல்லு. சேத்துப்பட்டுக்கு, அவ அம்மா வூட்டுக்கே போவட்டும். தீபாவளிக்குப் போட வேண்டியது இன்னும் பாதி கீது, இவள வெச்சிகினு நான் பேஜார்பட முடியாது."

உண்ணாமலை வந்து நின்றாள். மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லியிருந்தால் தெய்வநாயகி ஒருவேளை மறுத்திருப்பார். அவள் சொல்லாமல் நின்றதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"அது என்னுது" என்றார் தெய்வநாயகி.

"இன்னாது?"

"அந்தத் துணி. என்னுது. கோடையிலிருந்து படுது."

தசரதன் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். உடம்புக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை. "கோடையிலிருந்தா? கோடையிலிருந்து தொட்டியில கைய வெச்சுகினு கீறியா நீ?" என்றார். கம்பை மூலையில் எறிந்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். தொட்டியைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்து, மஞ்சள் நீர் ஊற்றிக் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இனி தெய்வநாயகி அங்கே வர வேண்டாம் என்பதை லோகநாதன்தான் வந்து சொன்னான்.

தெய்வநாயகி காத்து வைத்திருந்தது போய்விட்டது. அதற்குப் பிறகு வேலூருக்குப் போகாமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. மறுநாளே பையைக் கட்டினார். உண்ணாமலையும் கூடக் கிளம்பினாள். பக்கத்து வீட்டு ரங்கம்மாள் வாசலில் நின்று வழியனுப்பினார். அவருக்கு அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது.

"இன்னாக்கா, சுத்தம் பண்ணப் போறீங்களாமே? இருக்கட்டுமே, பெத்துக்கலாமில்ல? ராமாயணத்துல தசரதனுக்கு வயசான காலத்துலதான புள்ளைங்க பொறந்துச்சு!"

"உனுக்கு ஒண்ணு தரேன், வளத்துக்கோ" என்றார் தெய்வநாயகி. தெரு சிரித்தது. பஸ்ஸில் ஏறிய பிறகு அவர் அழுதார்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்து உள்சவ்வைச் சுரண்டி எடுத்தார்கள். முடிவு வரும்வரை பக்கத்துத் தெருச் சத்திரத்தில் தங்கினார்கள். முடிவு சொல்லும் நாளன்று தசரதனும் வந்து சேர்ந்தார். கையில் ஒரு துணிப்பை. எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் பையிலிருந்து ஒரு கழியை எடுத்து மனைவி மடியில் போட்டார். அரக்கு. நடுநடுவே திட்டு.

"நேத்துப் போட்டது. தொட்டிய அப்படிக் கழுவி, நானும் லோகநாதனும் மட்டும் நின்னு போட்டோம்."

உண்ணாமலை கழியைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். "நாங்க ரெண்டு பேரும் இங்கதான கீறோம். அப்ப யாரு மாமா தூரம்?"

தசரதன் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்தார். "அந்த ரங்கம்மா மதில் மேல எட்டிப் பாத்துகினே இருந்தா."

"அவங்களுக்கு எங்க கல்யாணத்துக்கு முன்னாலயே நின்னுபோச்சு மாமா."

"மறைக்கறாளோ இன்னாவோ. இந்தக் காலத்துல யார நம்பறது?" என்று சொல்லி அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிவைச் சொன்ன டாக்டரம்மா பொறுமையானவர். சவ்வு தேவைக்கு மேல் தடித்திருக்கிறது, அதில் ஒரு பகுதியில் செல்கள் ஒழுங்கு தப்பியிருக்கின்றன என்றார். புற்றுநோய் இல்லை. ஆனால் புற்றுநோய்க்கு முந்தின படி. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது.

"நோவு கீதா, இல்லையா?" என்று கேட்டார் தெய்வநாயகி.

"இன்னும் இல்லை."

"இல்லாததுக்கு எதுக்கு எடுக்கணும்?"

டாக்டரம்மா மறுபடி சொன்னார். தெய்வநாயகி கேட்டுக்கொண்டார், ஆனால் முகம் இளகவில்லை. முகாமில் ஒன்றுமில்லை என்றார்கள். இங்கே ஒன்றுமில்லை, ஆனால் அறுக்க வேண்டும் என்கிறார்கள். அவர் கேட்டார்: "எடுத்தத நான் கண்ணால பாக்க முடியுமாங்க?"

நோயாளிகள் அப்படிக் கேட்பது வழக்கமில்லை. டாக்டரம்மா கொஞ்சம் யோசித்து, ஒரு ஆளைத் துணைக்கு அனுப்பினார். கீழ்த்தளத்தில், சதைத் துண்டுகளைச் சோதிக்கும் அறையில், கண்ணகி என்ற டாக்டர் மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணாடித் தகட்டை வைத்துத் திருகி, தெய்வநாயகியைக் குனிந்து பார்க்கச் சொன்னார். முதலில் அவருக்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். பிறகு நிறம்.

"இது இன்னா கலருங்க?"

"ஊதாவும் ரோஸும். வெறுமனே பாத்தாத் தண்ணி மாதிரிதான் இருக்கும், ஒண்ணும் தெரியாது. சாயம் போட்டுத்தான் பாப்போம்."

தெய்வநாயகி நிமிர்ந்துவிட்டார். "சாயமா?"

"ஆமா."

"சாயம் போட்டாத் திட்டு விழுங்க. எங்க வூட்லயே விழுது. சரியா ஏறாத எடத்தப் பாத்துட்டு இது நோவுன்னு சொன்னா எப்படி?"

டாக்டர் கண்ணகி நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தார். "சில சமயம் எங்களுக்கும் சரியா ஏறாது. அப்படி ஆனா அத ஒதுக்கிட்டு வேற துண்டு வெட்டிப் போடுவோம். இது நல்லா ஏறியிருக்கு."

"நல்லா ஏறியிருக்குன்னு நான் எப்படி நம்பறது? இதே தொட்டியில போட்ட நல்ல துண்டு ஒண்ணு காட்டுங்க. பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான தெரியும்."

"வேற துண்டே வேண்டாம்மா. இதுலயே ரெண்டும் இருக்கு. மொதல்ல இதப் பாருங்க, இது நல்ல எடம்."

தெய்வநாயகி குனிந்தார். சின்னச் சின்ன வளையங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊதாப் புள்ளிகள் ஒரே வரிசையாக. ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ரோஸ் நிறத்தில் தாராளமாக இடம். டாக்டர் தகட்டை நூலளவு நகர்த்தினார். "இப்ப பாருங்க."

அங்கே இடமே இல்லை. வளையங்கள் முண்டியடித்து ஒன்றோடு ஒன்று முதுகு ஒட்டிக் கிடந்தன. வட்டம் கோணியிருந்தது. புள்ளிகள் பருத்து, கறுத்து, வரிசை கலைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

"மொதல்ல காட்டுனதக் காட்டுங்க."

காட்டினார்.

"இப்ப அது."

பல தடவை இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தார். டாக்டர் சலித்துக்கொள்ளவில்லை. ஒரே கண்ணாடி, ஒரே சாயம். நல்ல இடத்தில் எவ்வளவு தெளிவாக ஏறியிருந்ததோ அவ்வளவு தெளிவாகத்தான் கெட்ட இடத்திலும் ஏறியிருந்தது. வித்தியாசம் சாயத்தில் இல்லை. சாயத்துக்கு முன்பே அங்கே இருந்தது.

"இத உட்டா இன்னா ஆவும்?"

"சில பேருக்கு அப்படியே நிக்கும். சில பேருக்குப் புற்று ஆகும். உங்களுக்கு எதுன்னு எனக்குத் தெரியாது."

தெரியாது என்று அவர் சொன்னதுதான் தெய்வநாயகிக்கு முதன்முதலாக நம்பிக்கை தந்தது. அதுவரை அவரிடம் பேசிய எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

மேலே வந்தபோது தசரதன் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார். "புத்து இல்லன்னு அவங்களே சொல்றாங்க. அப்பறம் எதுக்குக் கத்தி? ஆளு கெடச்சா அறுக்கறாங்க."

தெய்வநாயகி பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே கிடந்த அந்தத் திட்டுக் கழியை எடுத்துப் பிரித்தார். வெளிறிய இடத்தில் ஒரு இழையை எடுத்து நகத்தால் வழித்தார். நகத்தில் சாம்பல் போல ஏதோ பிசுபிசுத்தது. சிவப்பான இடத்தில் வழித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"இங்க பாருங்க. தொட்டி ஒண்ணு, சாயம் ஒண்ணு. திட்டு இழையில கீது. தொட்டிக்கு வர்றதுக்கு முன்னாலயே, சோப்புல வேக வெக்கும்போதே ஒட்டிகினு கீது."

"நான் சொன்னேனே!" என்றாள் உண்ணாமலை. "புதுத் தண்ணியில சோப்பு நுரைக்கவே இல்ல, தயிராட்டம் திரியுதுன்னு ஆடியிலயே சொன்னேன். சோப்பக் கம்மியாப் போடுடின்னு சொல்லிட்டீங்க."

தசரதன் கழியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் வழித்தார். விரலை முகர்ந்தார். முப்பது வருஷமாகச் சாயம் போட்டவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. உண்ணாமலை அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை வரவில்லை.

"சரி, புதுத் தண்ணிதான்" என்றார் கடைசியில், யாரிடம் என்றில்லாமல். "அதுக்கும் ஆபரேசனுக்கும் இன்னா சம்பந்தம்?"

"பலராமன் திட்டுக் கழிய எப்பத் திருப்பிக் குடுக்கறாரு? தறியில ஏத்தி, பொடவ நெய்ஞ்ச பிறகா?"

தசரதன் கழியை மறுபடி சுருட்ட ஆரம்பித்தார்.

"ஏத்திட்டா அறுக்க முடியாது. முன்னாலயே தூக்கிப் போடணும். நான் கண்ணால பாத்தேன். போடுங்க கையெழுத்து."

அவர் போட்டார். போடும்போது கூட அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

எடுத்த கர்ப்பப்பையை முழுவதும் சோதித்தார்கள். முன்பு கண்டதற்கு மேல் ஒன்றுமில்லை. புற்று எங்கும் இல்லை. இதைச் சொன்ன டாக்டரம்மா சிரித்த முகத்தோடுதான் சொன்னார். தெய்வநாயகி ஆரணிக்குத் திரும்பி, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். பட்டை வேக வைக்க வேறு கிணற்றுத் தண்ணீர் வண்டியில் வந்தது. உண்ணாமலையிடம் தசரதன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கொல்லைப் பக்கம் எட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டார். தெய்வநாயகி கேட்டார், எல்லோருக்கும் முன்னால். அதற்கு உண்ணாமலை, "உடுங்க அத்தே, அடுத்த தடவ சூடம் நீங்க அணைங்க" என்றாள்.

தை மாதம் தெய்வநாயகி கழிகளைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது ரங்கம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவில் ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. அதை அவர்தான் நேரில் கொண்டு வந்தார்.

"எடுத்துப் பாத்ததுல புத்தே இல்லையாமேக்கா? இல்லாத நோவுக்கு இருந்தத அறுத்து எடுத்துட்டாங்களே!"

"ஆமா, இல்ல."

"அப்ப சும்மா உட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதோ இன்னாவோ?"

"ஆயிருக்காதோ இன்னாவோ" என்றார் தெய்வநாயகி. "ஆயிருக்குமோ இன்னாவோ. எனுக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் வருது. டாக்டருக்கே தெரியலைன்னாங்க. அந்த இன்னாவோவ வயித்துக்குள்ள வெச்சுகினு என்னால இருக்க முடியல, எடுக்கச் சொல்லிட்டேன். உன்னால இருக்க முடியுமா?"

ரங்கம்மாள் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. ஒரு இழையை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எப்பவாவது ஒரு பொட்டு படறதுகூட கணக்காக்கா?"

தெய்வநாயகி கையிலிருந்த கழியைக் கீழே வைத்தார்.